அமைச்சர் மூச்சு வாங்கிய இடங்கள்

செயலாளர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். பொற்கொடி அதன் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். எதற்கு ஒடுங்க வேண்டும், யாருக்கு இடம் விடுகிறோம் என்று தோன்றவே நகர்ந்து நட்ட நடுவில் உட்கார்ந்தாள். மடியில் குறிப்பேடு, குறிப்பேட்டின் மேல் கை. ஒன்றேகால் ஆகிறது. இரண்டு மணிக்குச் செயலாளர் வருவார், அமைச்சரும் வருவார், கூப்பிடும்போது வந்தால் போதும், இருங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இருக்கிறாள். இருபத்தெட்டு வருஷமாக இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தவள்தானே. பேரவை நிருபர் என்று சொன்னால் வெளியில் எல்லோரும் பத்திரிகைக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள், கல்யாண வீடுகளில் "எந்த சேனல்?" என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். அவள் சேனலும் இல்லை, ஒன்றும் இல்லை, அரசாங்கச் சம்பளம் வாங்கும் சுருக்கெழுத்துக்காரி. சபையின் நடுவில் போட்டிருக்கும் மேசையில் பென்சிலோடு உட்கார்ந்து, உறுப்பினர்கள் வாயிலிருந்து விழுவதை ஒன்று விடாமல் பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷம் முடிந்ததும் அடுத்தவர் வந்து உட்காருவார், எழுதியவர் எழுந்து போய்த் தன் ஐந்து நிமிஷத்தைத் தட்டச்சு செய்து, பேசியவருக்கே ஒரு நகல் அனுப்புவார். அவர் பார்த்து, பிழை இருந்தால் திருத்தித் திருப்பி அனுப்பலாம். பிழையைத்தான் திருத்தலாம், பேசியதைத் திருத்தக் கூடாது. விதி நல்ல விதிதான், யார் அதைக் குறை சொன்னது. அதைக் கடைப்பிடிக்கிறவர்கள் யாரென்று தேடினால்தான் கடைசியில் அந்த மேசைக்காரர்களிடமே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. பைக்குள் எலுமிச்சை சாதம் இருந்தது, மூடி சரியாக இறுகவில்லை போலிருக்கிறது, தாளித்த கடுகின் வாசனை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

நேற்றுக் காலையிலும் இதே வாசனைதான், இதே பை, இதே பென்சில். கேள்வி நேரம். நெடுமரத்தாங்கல் ஏரி பற்றிய கேள்வி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். போன கார்த்திகையில் அந்த ஏரியின் மதகைத் திறந்தார்கள், கீழே இருக்கிற குடியிருப்புக்குச் சொல்லாமல் திறந்தார்கள், பதினோரு பேர் போய்ச் சேர்ந்தார்கள். முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டது என்று ஒரு கட்சி, கொடுக்கப்படவில்லை என்று ஒரு கட்சி, நாலு மாதமாக இதுதான். அமைச்சர் மருதவாணன் கனத்த ஆள், பேச எழுந்தால் முதலில் தோள்துண்டைச் சரிசெய்வார், பிறகு தொண்டையை, பிறகு கையிலிருக்கும் காகிதத்தை. அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச்சீட்டு வரும், அதைப் பார்த்துத்தான் பேசுவார், அதில் இல்லாத ஒரு அரைச்சொல் அவர் வாயில் வராது. பொற்கொடிக்கு அவர் பேச்சு என்றால் கை ஓய்வெடுக்கும். நேற்று துண்டுச்சீட்டு வருவதற்குள் எழுந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை, பேரவைத் தலைவர் நிமிர்ந்து பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார், மைக்காரர் இன்னும் அந்தப் பக்கத்து மைக்கைப் போடவில்லை, எதிரே இருந்தவர்கள் கூச்சலில் இருந்தார்கள். துண்டைச் சரிசெய்யவில்லை, தொண்டையைச் சரிசெய்யவில்லை. அவளுக்கு நாலடி தூரத்தில், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், விட்டு விட்டு, கனமான மூட்டையை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கிறவர் மாதிரி பேசினார். மைக் வந்தபோது உட்கார்ந்துவிட்டார். ஒலிப்பதிவில் இருப்பது நாற்காலி முனகுகிற சத்தம் மட்டும்தான். அவளுடைய ஐந்து நிமிஷத்தில் அது மூன்றாவது நிமிஷம், அதனால் முன்னே எழுதினவரும் போய்விட்டார், பின்னே எழுத வேண்டியவரும் வரவில்லை. இருந்தது அவளும் பென்சிலும். அறைக்குத் திரும்பி, கூச்சல் இன்னும் காதில் இருக்க, அவள் தட்டச்சு செய்தது இப்படி வந்துவிட்டது:

ஆள் அனுப்பினோம்.
ஆள் போவதற்குள்
தண்ணீர் போய்விட்டது.
தண்ணீருக்கு உத்தரவு வேண்டியதில்லை.
ஆளுக்கு வேண்டும்.
உத்தரவு
என் மேசையிலேதான் இருந்தது.
நான்
ஒரு கல்யாணத்திலே இருந்தேன்.

இப்படி வந்திருக்கக் கூடாது. பேரவைக் குறிப்பில் எல்லாம் பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அடைத்துக்கொண்டு போக வேண்டும், பத்தி பத்தியாக, ரேஷன் கடை வரிசை மாதிரி. வரியை உடைத்தது அவள் பிழை, அதை அவள் மறுக்கவில்லை, நூறு தடவை ஒப்புக்கொள்வாள். வீட்டில் செய்கிற வேலையைக் கை ஆபீஸில் செய்துவிட்டது. நகல் அமைச்சர் அலுவலகத்துக்குப் போனது, அங்கிருந்தோ வேறு எங்கிருந்தோ யாரோ ஒரு புண்ணியவான் போட்டோ எடுத்தான், சாயங்காலம் ஆறு மணிக்குள் ஊர் முழுக்க வாட்ஸப்பில் சுற்றியது. "அமைச்சர் கவிஞர் ஆகிவிட்டார்" என்று ஒருவன். "அடுத்த தொகுப்பு எப்போது?" என்று ஒருவன். சிரித்து உருண்டிருக்கிறார்கள். அவளுக்கு அதுதான் முதலில் எரிந்தது, மெமோ வந்ததெல்லாம் அப்புறம். ஒன்பது வரியைப் படித்துவிட்டுச் சிரிக்க முடிகிறதே, எந்தக் கண்ணால் படித்தார்கள்? இன்று காலை அமைச்சரின் உதவியாளர் குபேந்திரன் நகலைத் திருப்பிக் கொண்டுவந்தான். ஒன்பது வரியின் மேலும் பச்சை மையால் ஒரு கோடு, பக்கத்தில் பொடி எழுத்தில், "உத்தரவு உரிய நேரத்தில் பிறப்பிக்கப்பட்டது, எனினும் எதிர்பாராத இயற்கைச் சீற்றத்தின் காரணமாக" என்று ஆரம்பித்து ஏழு வரி. கீழே அமைச்சர் கையெழுத்து. கையெழுத்து அவருடையது, வாசகம் அவருடையதில்லை, அது அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இவனைப் பார்த்துச் சொன்னதுதான். கூடவே செயலாளரிடமிருந்து மெமோ: மாண்புமிகு அமைச்சர் பேசாத சொற்களைப் புனைந்து, கவிதை வடிவில் அமைத்து, அவைக் குறிப்பில் சேர்த்தது ஏன், விளக்கம் தருக. புனைந்து. அந்த ஒரு சொல்லை அவள் காலையிலிருந்து நாற்பது தடவையாவது மனசுக்குள் எழுதிப் பார்த்திருப்பாள். சுருக்கெழுத்தில் அது ஒரு வளைவும் ஒரு சின்னக் கொக்கியும், ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

தலைமை நிருபர் சற்குணம் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை. இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார், அவருக்குப் பிறகு அந்த நாற்காலி அவளுக்கு என்று வரிசைப்படி முடிவாகியிருந்தது. "பொற்கொடிம்மா, வரிய ஒடச்சது தப்புன்னு எழுதிக் குடுங்க. சத்தத்துல சரியா காதுல விழலைன்னு இன்னொரு வரி சேத்துக்கங்க. முடிஞ்சு போச்சு" என்றார். "காதுல விழுந்துச்சு சார்." "விழுந்துச்சு, யாரு இல்லேன்னா. ரெண்டு மணிக்கு அமைச்சர் முன்னாடி குறிப்பேட்டைப் படிச்சுக் காட்டச் சொல்வாங்க. உங்க கிறுக்கலை உங்களைத் தவிர யாரு படிக்க முடியும்? நீங்க என்ன படிக்கிறீங்களோ அதான் அதுல எழுதியிருக்கு." சொல்லிவிட்டு அவர் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். முப்பத்தாறு வருஷம் பென்சில் பிடித்த மனுஷன். ஆனால் சொன்னார். சொன்னது உண்மையும்கூட, அதுதான் தொல்லை. ஒருவர் எழுதிய சுருக்கெழுத்தை இன்னொருவர் படிப்பது நடவாத காரியம். அவரவர் கைக்கு அவரவர் வளைவு, அவரவர் சுருக்கம். சந்தேகம் வந்தால் எழுதியவரையே கூப்பிட்டுப் படிக்கச் சொல்வதுதான் வழக்கம், அவர் வாயில் வருவதுதான் முடிவு. சாட்சியும் அவள், சாட்சியைப் படிக்கிறவளும் அவள். மடியிலிருக்கும் இந்த நூறு பக்க நோட்டு அவள் நாக்கு புரளுகிற பக்கம் புரளும். இப்படி ஒரு அதிகாரம் கையில் இருப்பதாகவே இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

கை ஏன் அப்படிச் செய்தது? வீட்டில் பீரோவுக்குள், பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு நீளநோட்டு இருக்கிறது, அதனால்தான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஆரம்பித்தது. சுருக்கெழுத்தில் எல்லாவற்றுக்கும் குறி உண்டு. மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே என்பதற்கு ஒரே ஒரு கொக்கி. என்பதை இந்த நேரத்திலே தெரிவித்துக்கொள்ள விரும்புகிறேன் என்பதற்கு ஒரு அலை. பரிசீலனையில் உள்ளது என்பதற்கு ஒரு துளிக் கீற்று, தேய்ந்து தேய்ந்து அது இப்போது கீற்றுகூட இல்லை. பேசாமல் இருப்பதற்குத்தான் குறி கிடையாது. பேசுகிறவர்கள் நிறுத்துகிறார்களே, மூச்சு வாங்குகிறார்களே, அடுத்த சொல் வராமல் சுவரைப் பார்க்கிறார்களே, அதை எங்கே போடுவது? அவள் தனக்குத் தானே ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள். சின்ன நிறுத்தத்துக்குச் சின்னப் புள்ளி, பெரிய நிறுத்தத்துக்குப் பென்சிலை அழுத்தி ஒரு புள்ளி. தட்டச்சில் வராது, யாரும் கேட்கவும் மாட்டார்கள், அது அவள் சொந்தச் சொத்து. ஒரு நாள் மலையோரத் தொகுதி உறுப்பினர் ஒருவர், வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் வாயே திறக்காதவர், எழுந்து பஸ் கேட்டார். வீட்டுக்குப் போன பிறகும் அது அவளை விடவில்லை. சாதம் வெந்துகொண்டிருக்கையில் ஒரு தாளை எடுத்து, புள்ளி இருந்த இடத்திலெல்லாம் வரியை மடக்கி எழுதிப் பார்த்தாள். எங்கள் ஊருக்குப் பேருந்து வரும் / என்று சொன்னார்கள். / வந்தார்கள், / சொன்னவர்கள் மட்டும். சாதம் குழைந்தது. அதற்குப் பிறகு எத்தனை. ஆஸ்பத்திரி கேட்டவர்: கட்டடம் இருக்கிறது. / கதவு இருக்கிறது. / டாக்டர் இருக்கிறார் / பலகையிலே. பெரிய துறை வைத்திருந்த ஒருவர், மூன்று மணி நேரம் பேசியதில் அவளுக்கென்று கிடைத்தது: இல்லை என்று நான் சொல்லவில்லை. / இருக்கிறது என்றும் / சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியாது, அதுதான் அழகு. பேச்சுக்கு என்று பேனா பிடித்து எழுதி, அடுக்கு மொழியில் முழங்கி, கைத்தட்டலுக்கு நிறுத்தி நிறுத்திப் பேசியது ஒன்றுகூட அந்த நோட்டில் ஏறியதில்லை. வாய் தவறி, காகிதம் தவறி, பெரிய மனுஷன் என்பது ஒரு நொடி மறந்துபோய் வருகிறதே, அதுதான் ஏறும். அவளுக்குத் திருடுகிற சந்தோஷம். இவ்வளவு பேரும் இவ்வளவு நாளும் பேசியதில் நல்லது நூற்றுப் பத்து பக்கம் தேறியிருக்கிறது என்றால் சும்மாவா.

ஆனால் இதைச் செயலாளர் கேட்டால்? "இது உங்க பழக்கமாம்மா?" என்று கேட்டால் என்ன சொல்வது, இல்லை என்பாளா? பொய் சொல்ல வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆமாம் என்றால் தீர்ந்தது, கவிதைப் பைத்தியம், புனைகிற பழக்கம் உள்ளவள், தானே ஒப்புக்கொண்டுவிட்டாள். குபேந்திரன் பல்லைக் காட்டுவான். குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு கிடையாது, ஓய்வூதியத்தை இழுத்தடிப்பார்கள், நூலகப் பிரிவில் கொண்டுபோய்ப் பழைய பைண்டுகளுக்குத் தூசி தட்ட உட்கார வைப்பார்கள். வலது கை நடுவிரலில் பென்சில் காய்ப்பு இருந்த இடத்தை அவள் கட்டைவிரலால் தடவினாள். கல்லாக இருந்தது. தூசி தட்டலாம், தட்டினால் என்ன, அங்கே ஏசி இருக்கிறது. இல்லை, பயமாகத்தான் இருந்தது, சமாளிக்கக் கூடாது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் என்று ஒரு சத்தம் போட, பயம் அந்த டொக்கோடு சேர்ந்து சேர்ந்து வந்தது. எல்லாம் ஒரே இடத்தில் வந்துதான் முட்டிக்கொண்டு நின்றது: வரியை உடைக்காமல் விட்டிருந்தால் ஒருவனும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டான். பத்தோடு பதினொன்றாகப் பத்திக்குள் கிடந்து அச்சுக்குப் போயிருக்கும், நெடுமரத்தாங்கல் ஆட்களின் வக்கீல் ஒரு நாள் புரட்டி எடுத்திருப்பார். அவள் கைதான் அதைக் கெடுத்தது. கவிதை மாதிரி இருக்கிறது, ஆகவே பொய். இதுதான் அவர்கள் வாதம். என்ன வாதம் இது! இருபத்தெட்டு வருஷமாகப் பச்சைப் பொய்யையெல்லாம் ஓரத்திலிருந்து ஓரம் வரை அடைத்து எழுதிக் கொடுத்தேனே, ஒருவனாவது புனைந்தாயா என்று கேட்டானா? பொய்க்கெல்லாம் ஒரே இழுப்பில் குறி தயாராக இருக்கிறது, உரிய நேரத்தில் என்று ஒரு இழுப்பு, உரிய நடவடிக்கை என்று ஒரு இழுப்பு, கை தானாகப் போடும். கல்யாணத்துக்குக் குறி கிடையாது. சபையில் எவன் கல்யாணத்தைப் பற்றிப் பேசினான், குறி வைத்துக்கொள்ள? ஒவ்வொரு ஒலியாகப் பிடித்து, க, ல், யா, ண, என்று முழுசாக எழுத வேண்டியிருந்தது, பென்சில் ஒரு கணம் திணறியது, அந்தத் திணறல் இந்தப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. காதில் விழாததை எழுதக் கை இப்படித் திணறுமா? எய்தவன் இருக்க அம்பை நோகிறார்கள். அம்புக்கும் வாய் இருக்கிறது என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

போன் அதிர்ந்தது. வீட்டுக்காரர் சண்முகவேல், பஸ் டிப்போவில் டைம்கீப்பர். "சாப்ட்டியா?" "இல்ல." "ஏன்?" "எறங்கல." அந்தப் பக்கம் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. "இங்க பாரு, கெட்டிக்காரத்தனமெல்லாம் வேணாம். அவங்க கேக்கறத எழுதிக் குடுத்துட்டு வா. ஊர் வம்பு நமக்கெதுக்கு? செத்தவங்க என்ன எந்திரிச்சா வரப்போறாங்க?" பிறகு குரலை இறக்கி, "ஏன் பொற்கொடி, அந்தக் கல்யாணத்து விஷயம், அது நெசமாவே அவர் வாயில வந்துச்சா? நீ ஒண்ணும் சேக்கலியே?" "ஒரு எழுத்து சேக்கல." "ம்" என்றார். எவனோ விசில் அடித்தான், ஏதோ ஒரு நம்பரைக் கத்தினான். "அப்ப நான் என்னத்தச் சொல்றது" என்றார், "மொதல்ல சாப்புடு, வெறும் வயித்துல போய் நிக்காத" என்று சொல்லிவிட்டு வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் அவள் நீளநோட்டை ஒரு தடவைதான் திறந்து பார்த்தார், உனக்கு வேற வேலை இல்லையா என்றார், மறுநாள் டிப்போ மேலாளர் பேசியதை ஒரு டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். அது தேறவில்லை, அவரிடம் சொல்லவில்லை, ஒட்டி வைத்திருக்கிறாள்.

அவள் டப்பாவைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, செயலாளர் அறை வாசலில், எலுமிச்சை சாதம். யாராவது பார்த்தால் பார்க்கட்டும். செத்தவங்க எந்திரிச்சா வரப்போறாங்க? வரமாட்டார்கள். ஆனால் போன மாதக் கூட்டத்தில் அந்தத் தொகுதி உறுப்பினர் பதினோரு பேரின் பெயரையும் வாசித்தாரே, அதுவும் அவள் நிமிஷத்தில்தான் வந்தது. பெயர்களுக்குச் சுருக்கம் கிடையாது, ஒலி ஒலியாக எழுத வேண்டும். பிறகு உறுப்பினர் அறைக்குப் போய் ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள், அம்மாசி மகன் சடையன், சடையன் மனைவி ருக்கு, இனிஷியல் என்ன, ஊர்ப்பெயரில் வல்லின ற உண்டா என்று. பதினொன்றாவதாக ஒன்று, பெயர் இல்லை. "என்ன போடட்டும் சார்?" என்று கேட்டாள். "இருபது நாள் கொழந்தைம்மா. முப்பதாம் நாள் பேரு வைக்கிறதா இருந்தாங்களாம்" என்றார் அவர். அன்று தட்டச்சில் அவள் அடித்தது, பெயர் வைக்கப்படாத ஆண் குழந்தை. சரியாக அடித்தாள், பிழை இல்லாமல், ஓரத்திலிருந்து ஓரம் வரை. அது நீளநோட்டில் ஏறவில்லை. ஏற்ற மனம் வரவில்லை. அந்தக் குழந்தைக்கு இந்தப் பூமியில் இருக்கிற எழுத்து அது ஒன்றுதான். அதற்குப் பதில் என்று ஒன்று யாராவது சொல்லியிருந்தால், அது நேற்று மருதவாணன் சொன்ன ஒன்பது வரிதான். அதை எடுத்துவிட்டு இயற்கைச் சீற்றம் என்று போட வேண்டுமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்வதோடு விடாமல், மறைத்த கை என் கை என்று அவளிடமே கையெழுத்தும் கேட்கிறார்கள். மாட்டேன். அந்தச் சொல் வாய்விட்டே வந்துவிட்டது. தாழ்வாரத்தில் போன ஒரு ஊழியர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். மாட்டேன். இன்னொரு விஷயமும் முள்ளாக இருந்தது: அமைச்சர் ஏன் வருகிறார்? ஒரு சுருக்கெழுத்துக்காரி நோட்டைப் படிப்பதைக் கேட்க அமைச்சர் எதற்கு, குபேந்திரன் போதாதா? மிரட்டவா? மிரட்டுகிறவர்கள் நேரில் வருவதில்லை, அதற்கு ஆள் வைத்திருக்கிறார்கள். நேற்று அவர் எழுந்து நின்ற விதம், யாரும் கூப்பிடாமல், துண்டைத் தொடாமல். அந்த முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, எழுதும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது பழக்கம். பார்த்திருக்கலாம். டப்பாவை மூடி, இந்தத் தடவை மூடியை நன்றாக இறுக்கினாள்.

"வாங்கம்மா" என்றார்கள்.

மறுபக்கக் கதவு வழியாக எல்லோரும் முன்பே வந்திருந்தார்கள். உள்ளே செயலாளர் மேசைக்குப் பின்னால், சற்குணம் சுவரோரமாக, குபேந்திரன் நின்றுகொண்டு, அமைச்சர் சோபாவில். துண்டு தோளில் இல்லை, மடியில் சுருட்டி வைத்திருந்தார். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை, அவளே எதிரிலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள், நின்றுகொண்டு யாரும் சுருக்கெழுத்து படிப்பதில்லை. செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து நடந்த பகுதியை மட்டும் படிங்கம்மா. நிதானமா யோசிச்சுப் படிங்க" என்றார். யோசித்து என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தினார். சற்குணம் தரையைப் பார்த்தார். பக்கத்தைத் திறந்தாள். பென்சில் கோடுகள் ஒரு கணம் வெறும் கோடுகளாகவே நின்றன, எறும்பு ஊர்ந்த தடமாக, ஒன்றும் புரியவில்லை. எதையும் படிக்கலாம். எது வேண்டுமானாலும் இதில் எழுதியிருக்கிறது. பிறகு அந்தத் திணறிய இடம் கண்ணில் பட்டது, க, ல், யா, ண, முழுசாக, ஒலி ஒலியாக, அங்கிருந்து மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லாகத் திரும்பி வந்தது. படித்தாள். "ஆள் அனுப்பினோம்." புள்ளி. நிறுத்தினாள். "ஆள் போவதற்குள்." நிறுத்தினாள். அவள் குரல் வீட்டில் படிக்கும் குரலாக இல்லை, சபைக் குரலாகவும் இல்லை, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "தண்ணீர் போய்விட்டது." குபேந்திரன் சிரித்தான். "பாருங்க சார், நான் சொன்னேன்ல? கவிதை வாசிக்கிற மாதிரியே நிறுத்தி நிறுத்தி." அவள் நிமிரவில்லை. "நிறுத்தினது நான் இல்லை தம்பி. எங்க மூச்சு வாங்கினாங்களோ அங்க புள்ளி வச்சிருக்கேன். புள்ளியையும் சேர்த்துத்தான் படிப்பேன். வரியை ஒடச்சு அடிச்சது என் பிழை, அதை எழுதிக் கொடுத்திடறேன். மத்தது அவர் பேசினது" என்றாள். செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் படித்துக்கொண்டே போனாள். தண்ணீருக்கு உத்தரவு வேண்டியதில்லை. ஆளுக்கு வேண்டும். உத்தரவு, நிறுத்தம், என் மேசையிலேதான் இருந்தது. நான் என்று படித்தாள். அங்கேதான் அந்தப் பக்கத்திலேயே பெரிய புள்ளி இருந்தது, தாள் குழிந்து போகும்படி அழுத்திய புள்ளி. அவள் நேற்று எவ்வளவு நேரம் காத்திருந்தாளோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். மேசைக் கடிகாரத்தின் முள் நகர்ந்தது.

"ஒரு கல்யாணத்திலே இருந்தேன்" என்றார் அமைச்சர்.

அவளுக்கு முன்னால் சொன்னது அவர்தான். குபேந்திரன், "ஐயா" என்று ஒரு எட்டு வைத்தான், அவர் கையைக் கொஞ்சமாகத் தூக்கினார், அவன் நின்றுவிட்டான். "பந்தியிலே உக்காந்திருந்தேன். அப்பத்தான் போன் வந்துச்சு, கையெழுத்து வேணும், ஒடனே வாங்கன்னு. எந்திரிக்கணும்னுதான் நெனச்சேன். பக்கத்து எலையிலே மாப்பிள்ளையோட அப்பா சாப்புட்டுக்கிட்டிருந்தாரு. பாதிப் பந்தியிலே எந்திரிச்சா மரியாதை இல்லே. வரிசையே எந்திரிச்சுரும். சரி, மோர் வந்துரட்டும்னு உக்காந்திருந்தேன்." துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனவர் துடைக்காமல் மறுபடி மடியில் வைத்தார். "மோர் வர்றதுக்கு நேரமாயிருச்சு." செயலாளர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, மேசைக்கு மேலாகக் குனிந்து, மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில் அவளிடம் சொன்னார்: "அம்மா, இதெல்லாம் எழுத வேண்டாம்."

பொற்கொடி மடியைப் பார்த்தாள். புதுப் பக்கத்தில் பந்தி இருந்தது, இலை இருந்தது, மோர் இருந்தது. எதற்கும் குறி கிடையாது, எல்லாம் ஒலி ஒலியாக முழுசாக இருந்தது, கடைசியில் ஒரு புள்ளி, அழுத்தி.

"எழுதியாச்சு சார்" என்றாள்.